கணக்கில் வராத மாத்திரை

மலையாளிகள் இரும்பன் புளி என்று சொல்லும் காயை நாம் புளிச்சக்காய் என்றும் பிலிம்பி என்றும் சொல்கிறோம். தென்கேரளத்து வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மரம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மீன்கறியில் புளிக்குப் பதில் போடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள், மிஞ்சியதை உப்பிட்டு வெயிலில் காயவைப்பார்கள். தலைமுறைகளாகச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆனதாகப் பேச்சில்லை. 2013ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி இதழில் கேரளத்து மருத்துவர்கள் சிலர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்து மருத்துவமனைகளில் சேர்ந்த பத்து நோயாளிகளைப் பற்றியது அது. பத்துப் பேருக்கும் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்திருந்தது; பத்துப் பேரும் இந்தக் காயின் சாற்றைக் குடித்திருந்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. மறுவருடம் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினரும் இதே சாற்றால் வந்த இதே பாதிப்பைப் பதிவு செய்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் இந்தச் சாற்றைக் குடிக்கும் வழக்கம் கேரளத்தில் பரவியிருந்தது. காரணம் விளங்காத மர்மம் எதுவும் இதில் இல்லை. புளிச்சக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். சோற்றோடும் மீனோடும் கொஞ்சமாக உள்ளே போகும்போது உணவிலுள்ள கால்சியம் அதில் பெரும்பகுதியைக் குடலிலேயே பிடித்துவைத்து வெளியே அனுப்பிவிடுகிறது. வெறும் வயிற்றில் கோப்பை நிறையச் சாறாகப் போனால் பிடித்துவைக்க ஆளில்லை. ரத்தத்தில் ஏறிய ஆக்சலேட் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி அடைத்துக்கொள்கிறது.

சத்து மாத்திரைகளையும் துணை உணவுகளையும் பற்றிய கட்டுரையை, புட்டியும் லேபிளும் இல்லாத ஒரு காயிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இத்தகைய பேச்சு எழுந்தவுடன் நாம் வழக்கமாகக் கைகாட்டும் குற்றவாளிகள் யாருமே இந்தச் சம்பவத்தில் கிடையாது. கலப்படம் இல்லை, ரசாயனம் இல்லை, பேராசை பிடித்த கம்பெனி இல்லை, விளம்பர நடிகர் இல்லை. சொந்தக் கொல்லையில் பறித்த, பூச்சிமருந்து படாத காய். மாறியது எடுத்துக்கொண்ட முறை மட்டும்தான். கறியில் சேர்ந்திருந்த ஒன்றைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து, செறிவாக்கி, ஒரு நோய்க்கு என்று குறித்து, தினப்படி அளவாக்கினார்கள். துணை உணவுத் தொழில் முழுவதும் செய்வது இதைத்தான். கேப்ஸ்யூலும் புட்டியும் பின்னால் வந்து சேர்பவை. ஆகவே இயற்கையா செயற்கையா, மரபா நவீனமா என்ற நம்முடைய ஓயாத சண்டை சிறுநீரகத்தைப் பொறுத்தவரை தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் வாதம். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள், அதனால் கேடு வந்தால் அதை யாராவது கணக்கில் எழுதுகிறார்களா என்ற கேள்விகள்தான் ஆபத்தானதையும் ஆபத்தற்றதையும் பிரிக்கின்றன. கடைசிக் கேள்விதான் அதிகம் புறக்கணிக்கப்பட்டது. மருந்தென்ற எண்ணத்தில் மக்கள் வாங்குவதைச் சட்டம் உணவு என்று பதிவு செய்துகொள்ளும்போது, அதன் கேடு எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் போய்விடுகிறது.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விதுரா பொருத்தமான இடம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. ஒருபக்கம் அகத்தியமலைக் காடும் காணிகள் எனப்படும் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளும். இன்னொரு பக்கம் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். பக்கத்துப் பாலோட்டில் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவிலேயே அதிகம் பேசப்பட்ட மூலிகைச் சத்துப்பொருள்களில் ஒன்று பிறந்த வட்டாரம் இது. 1987ல் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு இந்த மலைகளில் ஏறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு சிறு செடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. ஆய்வுகளுக்குப் பின் அதன் இலையையும் வேறு மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற டானிக் உருவானது. 1995ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்ச ரூபாய்க்கும் ராயல்டிக்கும் உரிமம் தரப்பட்டது. கிடைத்த பணத்தில் பங்கு பெறக் காணிகளின் அறக்கட்டளை 1997ல் அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் இதைக் கொண்டாடியது. கொண்டாட்டத்துக்குத் தகுதியானதுதான். ஜீவனி சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. காணிகளிடமிருந்தது காட்டில் நெடுநடை நடக்கும் நாளில் சில காய்களை மெல்லும் பழக்கம். கடைக்கு வந்தது இலைப்பொடி. நடக்காதவரும் நாள்தோறும் சாப்பிடுவதற்கானது. செடி ஒன்றே, ஆனால் உறுப்பு வேறு, அளவு வேறு, காலம் வேறு, சாப்பிடுகிறவர் உடம்பும் வேறு. ‘காணிகள் காலங்காலமாகச் சாப்பிட்டது’ என்ற வாக்கியம் காயைப் பற்றிய சாட்சியம். டானிக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மரபின் பெயரால் விற்கப்படும் பெரும்பாலான பொருள்களில் இந்த இடைவெளி இருக்கிறது. அதை நிரப்புவது ஆய்வின் வேலை. விளம்பரம் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

எல்லா உறுப்புகளையும் விட்டுச் சிறுநீரகத்தை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்? அதன் வேலையே அதற்கு வினை. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறு உறுப்புகளுக்குப் போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிநீர் உண்டாகி, ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் நுண்குழாய்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் வற்ற வற்ற அதில் கரைந்திருக்கும் பொருள் செறிவாகிக்கொண்டே போகும். ரத்தத்தில் அற்பமாக இருந்த ஒன்று நுண்குழாயின் கடைசியில் பல மடங்காக நிற்கும். அதோடு, சிறுநீரகம் வலியால் முறையிடாத உறுப்பு. பாதித் திறன் போன பிறகும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். ‘கிட்னியில உப்பு ஏறிடுச்சு’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் கிரியாட்டினின் எண் கண்ணில் படும்படி ஏறுவதற்குள் இழப்பு வெகுதூரம் போயிருக்கும். காலந்தாழ்த்தி மட்டுமே பேசும் உறுப்பில் ஏற்படும் மெதுவான கேட்டை, அனுபவ அறிவால் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்ட மறுநாள் வாந்தி எடுத்தால் பாட்டிக்குத் தெரிந்துவிடும். எட்டாண்டு கழித்து வரும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் அந்தப் பொடிக்கும் முடிச்சுப்போட எந்தப் பாட்டியாலும் ஆகாது.

இதற்கு உலகம் அறிந்த சான்று பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நடந்தது. உடல் இளைக்க வைக்கும் ஒரு கிளினிக், 1990ல் தன் மருந்துக் கலவையில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் சுருங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். வான்ஹெர்வெகமும் அவரது சக மருத்துவர்களும் 1993ல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட அரிஸ்டலோக்கியா இனச் செடி புட்டிக்குள் போயிருந்தது பிறகு தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள். முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததை 2000ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அரிஸ்டலோக்கியா குடும்பத்துச் செடிகளை உலகின் பல மருத்துவ மரபுகள் நூற்றாண்டுகளாகக் கையாண்டிருக்கின்றன. நம்முடைய ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவைதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பாம்புக்கடிக்கும் வேறு பலவற்றுக்கும் பெயர்பெற்றவை. அவற்றிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. இத்தனை நூற்றாண்டு பழக்கம் ஏன் இதைக் கண்டுகொள்ளவில்லை? அறிவுக் குறைவால் இல்லை. சிதறிக் கிடக்கும் ஆட்களிடம், வேறுவேறு வயதில், மெதுவாக வந்த நோய் அது. பிரஸ்ஸல்ஸில் மட்டும் ஒரே கிளினிக், ஒரே கலவை, ஒரே வயதுப் பெண்கள், ஒரே காலம் என்று அது குவிந்து நின்றது. குவியல்தான் கண்ணில் பட்டது. புளிச்சக்காயும் அப்படியே: சில நாளில் அடைத்துக்கொண்டதால் தெரிந்தது. மெதுவாக, சிதறலாக வருவது இன்றும் தெரிவதில்லை.

மலப்புறத்தில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகிய சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த மெம்பரேனஸ் நெஃப்ரோபதி நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் எதிர்ப்புப் புரதங்கள் படிந்து, சிறுநீரில் புரதம் கொட்டி, உடம்பு வீங்கும் நோய் இது. 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசிக்கொண்டவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. கிரீம் துணை உணவு ஆகாது என்பது சரிதான். ஆனால் அந்த நெல்-1 என்ற அடையாளக்குறி வேறு இடங்களுக்கும் வழிகாட்டியது. தென்னிந்திய நோயாளிகளை வைத்து 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாட்டு மருந்து உட்கொண்டவர்களிடம் இதே நோயைக் கண்டது. சோதித்த மருந்துகளில் பாதரசம் இருந்தது. அதற்கு முன்பே, 2021ல், அமெரிக்காவில் இன்னொரு பொருள் அகப்பட்டது: லிப்போயிக் ஆசிட்.

இந்தப் பெயர் வாசகர்களில் பலர் வீட்டு மாத்திரை அட்டையில் இருக்கும். சர்க்கரை நோயாளிகளின் கால் மரத்துப்போவதற்கும் எரிச்சலுக்கும், மெத்தில்கோபாலமினோடு சேர்த்து, நரம்புச் சத்து மாத்திரையாக விற்கப்படுவது. மருத்துவர் எழுதியும் வாங்குகிறார்கள், எழுதாமலும் வாங்குகிறார்கள். மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வில் பங்கேற்றவர்களிடம் சிறுநீரில் புரதம் தென்பட்டது. திசுச் சோதனையில் நெல்-1 வகை உறுதியானது. ஆய்வில் இருந்ததால்தான் அவர்களுடைய சிறுநீர் முறையாகச் சோதிக்கப்பட்டது, சோதித்ததால்தான் தெரிந்தது. இப்போது அதே மாத்திரையை விதுராவிலோ நாகர்கோவிலிலோ பத்தாண்டாகச் சர்க்கரையோடு வாழும் ஒருவர் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வின்படி கேரளத்தில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவருடைய சிறுநீரில் புரதம் தெரிந்தால் மருத்துவர் என்ன நினைப்பார்? சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். திசுச் சோதனை வரை போக மாட்டார். மாத்திரை தொடரும். இந்தப் பக்கவிளைவு அரிது. எத்தனை பேருக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை, அதனால் பீதி கிளப்புவது முறையாகாது. ஆனால் துணை உணவால் வரக்கூடிய கேடும், அதைச் சாப்பிடத் தூண்டிய நோயால் வரும் கேடும் ஒரே முகத்தோடு வருகின்றன என்பது இதில் தெளிவாகிறது. சர்க்கரைக்காகச் சாப்பிட்டது கெடுத்தால் பழி சர்க்கரை மேல் விழும். பிரஷருக்காகக் குடித்தது கெடுத்தால் பிரஷர் மேல் விழும். குற்றவாளி எப்போதும் ஏற்கெனவே சந்தேகப்பட்டியலில் இருப்பவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறான்.

வைட்டமின்களின் கதை இதைவிட எளிமையானது, ஒரு பத்தியில் கடந்துவிடலாம். வைட்டமின் டி நம் நாட்டில் 60,000 யூனிட் பொட்டலமாக வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரப்படுகிறது. வாரம் என்பதை நாள் என்று புரிந்துகொண்டு தினம் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகி வருபவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வைட்டமின் சி உடம்பில் ஓரளவு ஆக்சலேட்டாக மாறும். கிராம் கணக்கில் விழுங்கினால் புளிச்சக்காய்ச் சாறு போய்ச் சேர்ந்த இடத்துக்கே அதுவும் போய்ச் சேரலாம்.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் ஒரு பொருள் மக்கள் வாய்க்குப் போக மூன்று வாசல்கள் இருக்கின்றன. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி அலோபதி மருந்து. அதே சட்டத்தின் தனி அத்தியாயத்தின்படி ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி துணை உணவு. மூன்றாவது வாசலுக்கான விதிகள் 2016ல் வந்தன. முதல் வாசலில் நுழைய, பயன் உண்டு என்றும் கேடு பொறுக்கத்தக்கது என்றும் மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் அந்தச் சோதனை தேவையில்லை, ஏனென்றால் அது உணவு. லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கல்ல’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட வேண்டும். அந்த வரி உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் காத்திருக்கும் அளவில் இருக்கும். மேலே சிறுநீரகம், கல்லீரல், மூட்டு என்று உறுப்புகளின் படம் பளிச்சென்று இருக்கும். அஸ்வகந்தா ஒன்றே ஒரு கம்பெனி புட்டியில் ஆயுர்வேத மருந்தாகவும், பக்கத்துப் புட்டியில் உணவாகவும் அதே அலமாரியில் நிற்கிறது. உடம்புக்குள் போனபின் அது எந்த உரிமத்தில் வந்தது என்று பார்த்துச் சிறுநீரகம் நடந்துகொள்ளாது. லேபிளில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கொச்சிப் பகுதியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி ஃபிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ எழுபது சதவீதப் பொடிகளில் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. பாஸ்டன் நகரில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐ ராபர்ட் சேப்பர் குழு சோதித்து, 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004லேயே எழுதியிருந்தது. அளவைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் முதலில் அளக்கக்கூடிய பொருள் வேண்டுமே.

ஜப்பானைப் போலக் கண்டிப்பான நாட்டில் இப்படி நடக்காது என்று தோன்றலாம். அங்கேதான் நடந்தது. கோபயாஷி பார்மசூட்டிக்கல் கம்பெனி கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்லி சிவப்புப் பூஞ்சை அரிசி மாத்திரை விற்றது. 2015ல் ஜப்பான் அரசு உண்டாக்கிய எளிய உரிமமுறையில், அரசின் முன்சோதனை இல்லாமல் கம்பெனி தானே தெரிவித்துவிட்டு விற்கும் பொருள் அது. 2024 ஜனவரி நடுவில் ஒரு மருத்துவர் சிறுநீரகப் பாதிப்பைக் கம்பெனிக்குத் தெரிவித்தார். மார்ச் 22ஆம் தேதிதான் கம்பெனி ஊருக்குச் சொல்லி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட இரண்டு மாதங்களிலும் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தயாரிப்பின்போது புகுந்த நீலப் பூஞ்சை உண்டாக்கிய பியூபருலிக் அமிலம் நுண்குழாய்களைச் சிதைத்ததாக அரசு ஆய்வு காட்டியது. சிவப்புப் பூஞ்சை அரிசியில் கொழுப்பைக் குறைப்பது மொனாக்கோலின் கே என்ற பொருள். வேதியியலில் அது லோவாஸ்டாட்டின் மாத்திரையேதான். ஸ்டாட்டின் மாத்திரைக்குப் பயந்து ஸ்டாட்டினையே அளவு தெரியாமல் சாப்பிடுவது கொஞ்சம் வேடிக்கையானது. புளிச்சக்காய்ச் சாறு குடித்தவர்களையும் கோபயாஷி மாத்திரை வாங்கியவர்களையும் இணைப்பது கொழுப்பைப் பற்றிய ஒரே பயம், மருந்தைப் பற்றிய ஒரே தயக்கம். ஆனால் ஜப்பான் அதற்குப் பிறகு செய்தது கவனிக்கத்தக்கது. 2024 செப்டம்பர் முதல், இந்த வகைப் பொருள்களால் உடல்நலக் கேடு தெரியவந்தால் உடனே அரசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே துணை உணவுகளுக்கென்றே கேட்டைப் பதியும் முறையை உண்டாக்கியிருந்தது. தடைகளைவிட இந்தப் பதிவேடுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, அலோபதியைப் பற்றியது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் கெடுத்த சிறுநீரகங்களோடு ஒப்பிட்டால் மூலிகையும் சத்து மாத்திரையும் கெடுத்தது சொற்பம். பிறகு ஏன் இவற்றை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்பார்கள். வலிமாத்திரைகள் கெடுக்கின்றன என்பது முழுக்க உண்மை. அது நமக்கு எப்படித் தெரியும்? எண்ணியதால் தெரியும். எவ்வளவு அளவு, எந்த வயது, எந்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து என்று எழுதிவைத்ததால் தெரியும். இந்தியாவில் 2010 முதல் மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டமும் நடக்கிறது. துணை உணவின் பெயரில் சொற்பமான எண்ணிக்கையே இருப்பது, அதில் எண்ணுவோர் சொற்பமாக இருப்பதையும் காட்டலாம். மூட்டுவலிக்கு என்று கொடுக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டும் இதே வலிமாத்திரையும் கலந்திருப்பது அவ்வப்போது அகப்படுகிறது. அப்படிப்பட்ட பொடியால் வந்த கேட்டை எந்தப் பக்கம் எழுதுவது? இன்னொரு பக்கமும் நேர்மை வேண்டும். சந்தேகப்பட்ட எல்லாமே கேடு என்று நிரூபணமாகவில்லை. ஜிம்முக்குப் போகும் பையன்கள் சாப்பிடும் கிரியாட்டின் ரத்தக் கிரியாட்டினின் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும்; அது கணக்கீட்டு மயக்கம்தான், ஆரோக்கியமான சிறுநீரகத்தை வழக்கமான அளவில் அது கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதே ஜிம்மில் ஊசியாகப் போடப்படும் அனபாலிக் ஸ்டீராய்டு வடிகட்டியைத் தழும்பாக்குகிறது. பதிவு இருந்தால்தான் முதலாவதை விடுவிக்கவும் இரண்டாவதைப் பிடிக்கவும் முடியும். கணக்கு வைப்பது நல்ல மூலிகைக்கும் பாதுகாப்பு.

பாரம்பரிய மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு வேறுவிதமானது. முறையாகச் சுத்தி செய்து, புடம் போட்டு, பத்தியத்தோடு, சொன்ன நாள் மட்டும் கொடுத்தால் பற்பமும் செந்தூரமும் கெடுக்காது. கெடுப்பது அரைகுறை ஆட்களின் தயாரிப்பு என்பார்கள். இதை நான் எள்ளி ஒதுக்கவில்லை. அவர்கள் சொல்வதில் என் வாதத்தின் பாதி இருக்கிறது. பத்தியமும் மண்டலக் கணக்கும் எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு மரபு கொடுத்த விடைகள். கடையில் விற்கும் கேப்ஸ்யூல் அந்த விடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலிகையின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று சித்த மருத்துவர்களே முதலில் கோபப்பட வேண்டும். ஆனால் முறையாகச் செய்தது என்பதற்குச் சான்று செய்தவரின் சொல்லாக இருக்க முடியாது. முடிந்த மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலும் பாதரசம் எந்த வடிவில் எவ்வளவு இருக்கிறது, அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புரதம் தோன்றுகிறதா என்று சோதிப்பது மரபுக்கு இழுக்காகாது. விதுரா வட்டாரத்திலேயே அதற்கான ஆய்வகமும் அறிவியலாளர்களும் இருக்கிறார்கள்.

கடைசி மறுப்பு ஏழைகளின் பக்கமிருந்து வருகிறது. அதற்கு எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. மலையோரக் குடியிருப்பிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். நாட்டு மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிறது; பொறுமையாகப் பேசுகிறார்கள், சீட்டு கேட்பதில்லை. கட்டுப்பாட்டை இறுக்கினால் இருக்கிற ஒரு கதவையும் அடைத்ததாகாதா? ஆகும், கட்டுப்பாடு என்றால் கடையைச் சீல் வைப்பது மட்டும்தான் என்றால். கேரளத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சவுந்தர்யா’ என்று அழகுசாதனக் கடைகளில் சோதனை நடத்தியது. ஆனால் கிரீமின் கேட்டைக் காட்டிக்கொடுத்தது கோட்டக்கல் மருத்துவர்கள் நோயாளிகளிடம் கேட்ட ஒரு கேள்வி: வேறு என்ன உபயோகிக்கிறீர்கள்? அந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டோரை வீடுவீடாகச் சென்று ஆஷா பணியாளர்கள் கேள்விகள் கேட்டுப் பதியும் ‘ஷைலி’ செயலி கேரளத்தில் 2022 முதல் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தராத பொடி, லேகியம், சாறு, சத்து மாத்திரை எதையாவது ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கிறீர்களா என்று அதில் கேட்டு, ஆம் என்பவர்களுக்குச் சிறுநீரில் புரதம் பார்க்கும் காகிதப் பட்டையையும் கொடுக்கலாம். அந்தப் பட்டை மலிவு, விடை சில நிமிடத்தில். கேட்கும் தொனிதான் முக்கியம். கடிந்துகொள்வார்கள் என்று தெரிந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதை அலோபதி மருத்துவரிடம் மறைப்பது நம் மக்களின் பழைய பழக்கம், அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. புரதம் தெரிந்தால் புட்டியை எறிந்துவிடாமல் தொகுதி எண்ணோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வீட்டில் அரைத்த சாறானால் எந்தக் காய், எத்தனை, எத்தனை நாள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பத்து ஊர்களிலிருந்து அப்படி வரும் பத்துப் புட்டிகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்று பார்க்க மாவட்டத்தில் ஒரு மேசையும் அதற்கு ஓர் ஆளும் போதும். அந்த மேசை உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பா, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பா, ஆயுஷ் துறையின் பொறுப்பா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.